பள்ளி அருங்காட்சி அறையில் தூள், துளை, மயிர்ப்புழு: ஒரே பூச்சியா, மூன்றா?

தமிழாசிரியை (ஓய்வு):

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் நான் இருபத்தாறு வருடம் பாடம் நடத்திய பள்ளிக்கூடத்தில், பழைய ஓட்டுக் கட்டடத்தின் கடைசி அறையை அருங்காட்சி அறையாக வைத்திருக்கிறோம். நூற்றாண்டு விழாவுக்கு ஊர்க்காரர்கள் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்த சாமான்கள்தான் எல்லாம். ஓலைச்சுவடி 43 கட்டு (பாதிக்கு மேல் வைத்தியம், கொஞ்சம் நிலக்கணக்கு, ஒரு தலபுராணம்), முந்நூறு சொச்சம் பழைய அச்சுப் புத்தகம், ஒரு மரக்குதிரை, மூங்கில் கூடைகள், காலால் மிதித்து வாசிக்கும் ஆர்மோனியம் ஒன்று, பஜனை மடத்துக் கவரி ஒன்று, ஆட்டுத்தோல் பாவைகள் ஒன்பது. சாவி என்னிடம். சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு.

ஐப்பசி மழை முழுக்க அறையைத் திறக்கவில்லை. கார்த்திகையில் திறந்தபோது கண்டவை:

மரக்குதிரையின் வயிற்றுக்குக் கீழே வெள்ளையாகத் தூள். முகப்பவுடர் கொட்டியது போல. துடைத்தால் மறுவாரம் மறுபடி இருக்கிறது.

ஓலைக்கட்டு பதினொன்றில் ஊசியால் குத்தியதுபோல் துளை. மேல் ஓலையில் நுழைந்தது அடி ஓலை வரை நேராக இறங்கியிருக்கிறது. ஜன்னல் விளிம்பில் செம்பழுப்பு நிறத்தில் குட்டி வண்டுகள் செத்துக் கிடக்கின்றன, கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. ஒன்று உயிரோடு இருந்தது. விரல் பட்டதும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு செத்த மாதிரி படுத்துவிட்டது.

பாவைப் பெட்டியில் சீதையின் தோளில் வெள்ளரிப்பிஞ்சைக் கடித்ததுபோல் ஓரம் போயிருக்கிறது. பக்கத்தில் மயிர் மயிராக ஒரு சின்னப் புழு, அது உரித்துப் போட்ட தோல்கள் நிறைய. கவரியும் அங்கங்கே வழுக்கையாகி இருக்கிறது.

எங்கள் வீட்டில் இதற்கெல்லாம் ஒரே பெயர், இராமபாணம். ஏழு மராமரத்தையும் ஒரே அம்பு துளைத்ததுபோல் ஓலைக்கட்டைத் துளைப்பதால் அந்தப் பெயர் என்று அப்பா சொல்வார். ஆனால் மூன்றும் ஒரே பூச்சியின் வேலையாக எனக்குத் தோன்றவில்லை.

நான் சும்மாவும் இருக்கவில்லை. ஒவ்வொரு கட்டிலும் துணி முடிச்சில் மஞ்சள் கிழங்கு, வசம்பு, மல்லி வைத்திருக்கிறேன். வைத்து மூன்று வருடம் ஆகிறது. கண்ணாடிப் பெட்டிகளில் பாச்சா உருண்டையும் உண்டு.

பூச்சி மருந்து அடிப்பவர் ஒருவரைத் தலைமையாசிரியர் அழைத்து வந்தார். அவர் பூச்சியைப் பார்க்கவே இல்லை, அறையின் நீளம் அகலம் மட்டும் அளந்தார். எல்லாவற்றின்மேலும் மருந்து அடித்து, உள்ளே மாத்திரை வைத்து இரண்டு நாள் மூடினால் முடிந்தது என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. கையில் ஐயாயிரம் ரூபாய்தான் இருக்கிறது. முதலில் என்ன செய்யட்டும்?

வேப்பமரத்தடி:

காய்ந்த வேப்பிலையைக் கட்டுக்குள் வையுங்கள் டீச்சர். எங்கள் பாட்டி நெல் குதிரிலேயே அதைத்தான் போடுவார். மருந்தெல்லாம் வேண்டாம்.

ரசாயனக்கூடம்:

அம்மா, முதலில் அந்த மாத்திரையை நிறுத்துங்கள். மற்றதெல்லாம் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த மாதிரி மூடிப் புகையூட்ட வைக்கும் மாத்திரை பெரும்பாலும் அலுமினியம் பாஸ்பைடாகத்தான் இருக்கும். காற்றின் ஈரம் பட்டால் பாஸ்பீன் என்ற வாயு வரும். மூடிய அறையில் ஆளைக் கொல்லும் வாயு அது. ஓட்டுக் கட்டடம் என்கிறீர்கள், பக்கத்து வகுப்பில் பிள்ளைகள் இருப்பார்கள். வாயுவுக்கு எந்தச் சந்து எங்கே போகிறது என்று நமக்குத் தெரியாது. போதாக்குறைக்குச் செம்பையும் அது கலந்த உலோகங்களையும் அரிக்கும். உங்கள் ஆர்மோனியத்தின் உள்ளே பித்தளை நாக்குகள் இருக்கின்றன, மறக்க வேண்டாம்.

தெளிப்பு மருந்தும் வேண்டாம். ஓலையில் எழுத்துக் கீறலுக்குள் தேய்த்திருப்பது விளக்குக்கரி. ஈர மருந்து பட்டால் அது கலைந்து வழியும். பாவையின் சாயமும் அப்படியே. இவ்வளவு கெடுத்தும் துளைக்குள் இருக்கும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது, மருந்து மேலோடு நின்றுவிடும்.

நான் ஓர் அரசு அருங்காட்சியகத்தின் ரசாயனப் பாதுகாப்புக் கூடத்தில் முப்பது வருடம் இருந்தவன். சேர்ந்த புதிதில் எங்களுக்கும் கை மருந்து டப்பாவுக்குத்தான் போகும். டிடிடி தூள், அதற்கும் முந்தியவர்கள் பூசிய ஆர்சனிக், பாதரச உப்பு என்று எல்லாம் பழைய சாமான்களில் இன்றும் ஒட்டியிருக்கிறது. தோல், இறகு, மயிர் சாமானில் வெள்ளைப் படிவம் கண்டால் பூஞ்சை என்று விரலால் தேய்த்துப் பார்க்காதீர்கள். கையுறை போட்டுத் தொடுங்கள். நான் அந்தக் காலத்தில் வெறுங்கையால் தொட்டவன், அதனால்தான் சொல்கிறேன்.

எழும்பூர் அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கியது. அங்கே ரசாயனக் கூடம் வந்தது 1930-இல், பரமசிவன் என்ற வேதியியலாளர் காலத்தில், அதுவும் செப்புத் திருமேனிகளில் பிடித்த பச்சைக் களிம்பைக் கவனிக்க. களிம்புக்கே மருந்து போடுமுன் அது என்ன உப்பு என்று பார்ப்பார்கள். பூச்சிக்கு மட்டும் நாம் பார்க்காமலே மருந்து போடுகிறோம்.

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் அவை மூன்று வெவ்வேறு பூச்சிகள். ஒன்று மரத்தின் மாவுச்சத்தைத் தின்பது, ஒன்று காய்ந்த இலை தழையைத் தின்பது, ஒன்று தோலும் மயிரும் தின்பது. ஒன்றின் சாப்பாட்டை இன்னொன்று பெரும்பாலும் தொடாது.

இப்போது கொஞ்சம் வருத்தப்படும்படி ஒன்று சொல்லப்போகிறேன். உங்கள் செம்பழுப்பு வண்டு அநேகமாகச் சிகரெட் வண்டு. புகையிலைக் கிடங்கில் பேர் வாங்கிய பூச்சி. புகையிலையோடு அது விரும்பித் தின்பவை வற்றல் மிளகாய், மல்லி, சுக்கு, மஞ்சள். நீங்கள் காவலுக்கு வைத்த முடிச்சு அதற்குக் கட்டுச்சோறு. ஒரு முடிச்சை அவிழ்த்து மஞ்சளை ஒடித்துப் பாருங்கள், உள்ளே மாவாக இருந்தால் என்னிடம் சொல்லுங்கள்.

பழைய முறையைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். தஞ்சை சரசுவதி மகாலில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை இவற்றைப் பொடித்துக் கற்பூரம் சேர்த்து முடிச்சாக வைப்பது வழக்கம். அது மணம் இருக்கும் வரை காக்கும். மணம் போனதும் மாற்றிவிட வேண்டும். மூன்று வருட முடிச்சில் மணமும் இருக்காது, காவலும் இருக்காது. வேப்பிலையும் அப்படித்தான் வேப்பமரத்தடி அவர்களே. குதிரியில் போட்டது ஒரு பருவத்துக்கு. ஓலைக்குள் போட்டால் ஒரு வருடத்தில் நொறுங்கி அதுவே குப்பையாகி ஈரம் பிடிக்கும்.

உளிச்சத்தம்:

குதிரைக்கு நான் வருகிறேன். மூன்று தலைமுறையாகத் தச்சு வேலை.

தூளை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேயுங்கள் டீச்சர். மைதா மாவு மாதிரி வழுக்கினால் பொடிவண்டு. ரவை போல நறநறவென்று இருந்தால் வேறு வண்டு. கசகசா மாதிரி உருட்டு உருட்டாக இருந்தால் அது வண்டே இல்லை, காய்ந்த மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் கரையான். அதன் எச்சம் அப்படித்தான் விழும், லென்சில் பார்த்தால் ஆறு பட்டை தெரியும். சுவரிலிருந்து மண் கோடு இழுத்துக்கொண்டு வருவது தரைக் கரையான், அது தூளே போடாது.

நீங்கள் பவுடர் என்று சொன்னதால் முதல் ரகம் என்று நினைக்கிறேன். அது மரத்தின் வெள்ளைப் பகுதியை மட்டும்தான் தின்னும், சேகில், அதாவது நடு வயிரத்தில், ஏறாது. மாமரம், இலவம் மாதிரி மரங்களில் சேகே பெயருக்குத்தான் இருக்கும், அதனால் முழுசாகப் போய்விடும். குதிரையில் எந்தப் பக்கம் துளை அதிகம் என்று பாருங்கள். வயிற்றில் மட்டும் என்றால் வெள்ளை விழுந்த பலகையை அங்கே ஒட்டியிருப்பார்கள். வர்ணம் பூசுகிற சாமானுக்கு உள்ளே என்ன மரம் என்று யார் கேட்டார்கள்?

இன்னொன்று. தூள் விழுவதால் மட்டும் பூச்சி உயிரோடு இருப்பதாக அர்த்தம் இல்லை. பழைய துளையில் அடைந்திருக்கும் தூள் தெருவில் பஸ் போனாலே கொட்டும். மென்மையான தூரிகையால் துளைகளைச் சுத்தம் செய்யுங்கள். ஒவ்வொரு துளை வாயிலும் தேன்மெழுகு ஒரு பொட்டு வையுங்கள். குதிரைக்குக் கீழே கறுப்புச் சார்ட் பேப்பர் விரியுங்கள். மெழுகு வைக்காத இடத்தில் புதுத் துளை வந்தால், அதன் விளிம்பு புது மர நிறத்தில் இருந்தால், உள்ளே ஆள் இருக்கிறது.

மூங்கில் கூடையையும் விட்டுவிடாதீர்கள். மூங்கிலைத் தேய்பிறையில் வெட்டினால் பொடி விழாது என்பார் அப்பா. எனக்குத் தெரிந்து பலன் தருவது குளத்தில் ஊறப்போடுவதுதான். நாற்றம் குடலைப் பிடுங்கும், ஆனால் பூச்சி அண்டாது.

பூச்சிப்பித்தன்:

உளிச்சத்தம் அண்ணன் சொன்ன குளத்துக்குக் காரணம் இருக்கிறது. ஊறும்போது மூங்கிலின் மாவுச்சத்து நீரில் கரைந்தும் புளித்தும் போய்விடுகிறது. பொடிவண்டு தேடி வருவதே அந்த மாவுச்சத்தைத்தான்.

நான் பூச்சியியல் படிக்கிறவன். டீச்சர், பெயர் விஷயத்தில் உங்கள் அப்பா பக்கம்தான் நான். இப்போது வெள்ளிமீன் என்கிற செதில் பூச்சியை இராமபாணம் என்று எழுதிவிடுகிறார்கள். அதனால் துளைக்கவே முடியாது. காகிதத்தின் பசையையும் மேல்பூச்சையும் சுரண்டித் தின்னும், அவ்வளவுதான். சுரண்டிய இடம் வரைபடத்தில் தீவு வரைந்ததுபோல் ஒழுங்கில்லாமல் இருக்கும். ஓலைக்குள் நேராக இறங்கிய துளை வண்டுப் புழுவின் வேலை.

சிகரெட் வண்டுதானா என்பதை உறுதி செய்ய ஒரு வழி. நகை பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ் வாங்குங்கள். முதுகு மூடி வழவழவென்று இருந்து, மீசை ரம்பப் பல் மாதிரி இருந்தால் சிகரெட் வண்டு. முதுகில் நெடுக்காக வரி வரியாகக் கோடு ஓடி, மீசை நுனியில் மூன்று கணு மட்டும் பருத்திருந்தால் மருந்துக்கடை வண்டு. பழைய நாட்டு மருந்துக் கடைகளில் பேர் வாங்கியது. உங்கள் வைத்தியச் சுவடிக்கு இது பொருத்தமான வாசகர் என்று சொல்லலாம். இரண்டும் 2 முதல் 3 மி.மீ. அளவு, இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றே. நீங்கள் பார்த்த வண்டு ஓலையைத் தின்னவில்லை. தின்றது அதன் புழுப் பருவம். வண்டானதும் இணை தேடி வெளிச்சத்துக்குப் பறக்கும், அதனால்தான் ஜன்னல் ஓரத்தில் கிடக்கிறது.

மயிர்ப்புழு, கம்பளி வண்டின் குட்டி. அதே ஜன்னலில் இன்னும் நன்றாகப் பாருங்கள். உருண்டையாக, வெள்ளையும் மஞ்சளும் பழுப்பும் திட்டுத் திட்டாக, 3 மி.மீ. வண்டு கிடக்கும். அது மகரந்தம் தின்று வாழும் சாது. குட்டிகள்தான் தோல், மயிர், இறகு, செத்த பூச்சி எதையும் விடாது. இதன் பெரிய உறவுக்காரரான தோல் வண்டை வளர்த்து எலும்புக்கூடு சுத்தம் செய்யவே பயன்படுத்துகிற அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. சதையை மட்டும் தின்று எலும்பைப் பளிச்சென்று கொடுத்துவிடும். சம்பளத்துக்கு வைத்த ஆளே திருடனாகாமல் இருக்க அதைத் தனிக் கட்டடத்தில் பூட்டி வைப்பார்கள்.

கம்பளி வண்டு வந்தால் நான் முதலில் கேட்பது: அறைக்குப் பக்கத்தில் புறாக்கூடு இருக்கிறதா? செத்த பல்லி, ஜன்னல் இடுக்கில் செத்த ஈக்கள்? பாவைக்கு வருவதற்கு முன் அது வேறெங்கோ சாப்பிட்டிருக்கும்.

பொறி வையுங்கள். எலி பிடிக்கும் பசை அட்டையைச் சின்னதாக வெட்டிக் கூரை போல மடித்தால் போதும். சுவரும் தரையும் சேரும் மூலையில், கதவருகே, ஜன்னலடியில் வையுங்கள். பூச்சி நடு அறையில் நடக்காது, சுவரோரமாகத்தான் போகும். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, தேதி எழுதி, மாதம் ஒரு முறை எண்ணுங்கள். பொறி பூச்சியை ஒழிக்காது. எங்கிருந்து வருகிறது என்று காட்டிக்கொடுக்கும்.

தமிழாசிரியை (ஓய்வு):

மாத்திரைக்காரரை வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று. தலைமையாசிரியர் முகம் சரியில்லை.

மஞ்சளை ஒடித்தேன். உள்ளே மாவு. மூன்று வண்டுகள் என் உள்ளங்கையில் விழுந்து செத்த மாதிரி படுத்தன. வழவழ முதுகு, ரம்ப மீசை. 43 முடிச்சையும் தூக்கிக் கொளுத்தினேன். வீட்டில் வைத்திருந்த மஞ்சளையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டேன் என்பதை வெளியில் சொல்ல வேண்டாம்.

குதிரைத் தூள் மைதாவேதான். ஜன்னலில் திட்டு வண்டும் கிடைத்தது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். எங்கள் அறைக்கு அடுத்த அறை சத்துணவுச் சாமான் வைக்கும் அறை. நடுவில் பூட்டிய கதவு ஒன்று, அடியில் விரல் நுழையும் இடைவெளி.

சரி, உள்ளே இருப்பதைக் கொல்ல வழி சொல்லுங்கள்.

ரசாயனக்கூடம்:

அடுத்த அறையில் மூட்டை மூட்டையாக மல்லியும் மிளகாயும்! அதை முதல் வரியில் அல்லவா எழுதியிருக்க வேண்டும். சரி, போகட்டும். அந்தக் கதவடியை இன்றைக்கே அடையுங்கள், உருட்டிய துணி போதும். மூட்டைகளை இறுக்கமான மூடியுள்ள டின்களுக்கு மாற்றச் சொல்லுங்கள்.

விஷம் இல்லாமல் கொல்ல இரண்டு வழி உண்டு, குளிர், அல்லது காற்றை எடுத்துவிடுவது.

குளிர் புத்தகத்துக்கும் கவரிக்கும். கடைகளில் இருக்கும் ஐஸ் பெட்டி மைனஸ் 18 டிகிரியாவது போகும். சாமானைத் துணியில் சுற்றி, பாலித்தீன் உறையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, ஓரத்தை ஒட்டிவிடுங்கள். மேலே இன்னொரு உறை. இரண்டு வாரம். பெரிய அருங்காட்சியகங்களில் மைனஸ் 30-இல் 72 மணி நேரத்தில் முடிப்பார்கள், நமக்கு அந்தப் பெட்டி கிடைக்காது. திணித்து அடைக்காதீர்கள். மெதுவாகக் குளிர்ந்தால் பூச்சி உடம்பைப் பழக்கிக்கொள்ளும், சட்டென்று குளிர வேண்டும். இடையில் கரண்ட் போய்ப் பெட்டி இளகினால் இரண்டு வாரத்தை முதலிலிருந்து எண்ணுங்கள். வெளியே எடுத்ததும் ஒரு முழு நாள் உறையைப் பிரிக்கவே கூடாது. பிரித்தால் நம் ஊர்க் காற்றின் ஈரமெல்லாம் சாமான்மேல் முத்து முத்தாக நிற்கும். மருந்து பட்டிருக்கலாம் என்று சந்தேகம் உள்ளதைச் சாப்பாட்டுப் பெட்டியில் வைக்கவே வேண்டாம். வர்ணச் சித்திரம், கண்ணாடி, ஆர்மோனியம் இவற்றுக்கும் குளிர் ஆகாது.

ஓலைக்கும் பாவைக்கும் நான் காற்றை எடுக்கும் வழியைத்தான் சொல்வேன். தின்பண்டப் பாக்கெட்டுக்குள் சின்னப் பொட்டலம் ஒன்று இருக்குமே, இரும்புத் தூள் போட்டது, ஆக்ஸிஜனை உறிஞ்சுவது, அதேதான். சில்லறையாகவே கிடைக்கும். சாதாரண பாலித்தீன் இதற்கு உதவாது, வெளிக்காற்று அதன் வழியே மெல்ல உள்ளே கசியும். அலுமினியம் பூசிய பல அடுக்கு உறை வேண்டும்.

கணக்கு இதுதான். காற்றில் ஆக்ஸிஜன் நூற்றுக்கு 21 பங்கு. பத்து லிட்டர் உறை என்றால் 2,100 கன செ.மீ. ஆக்ஸிஜன். 500 கன செ.மீ. உறிஞ்சும் பொட்டலம் ஐந்து தேவை, நான் ஏழு போடுவேன். பொட்டலம் வேலை செய்யும்போது சுடும், ஓலையில் பட வைக்காதீர்கள். கூடவே ஆக்ஸிஜன் காட்டும் வில்லை ஒன்றைப் போட்டு, அது தெரியும்படி உறையின் ஒரு பக்கம் ஒளி ஊடுருவும் ரகமாக வாங்குங்கள். வில்லை நீலமாக இருந்தால் ஆக்ஸிஜன் இருக்கிறது. இளஞ்சிவப்பானால் போய்விட்டது. சிவப்பான நாளிலிருந்து 21 நாள், மனசு கேட்காவிட்டால் 28. முட்டை, புழு, கூட்டுப்புழு எல்லாம் அதில் முடிந்துவிடும்.

ஆர்மோனியத்தைத் திறந்து, வேக்குவம் கிளீனர் வாயில் மெல்லிய மஸ்லின் துணி கட்டி உறிஞ்சுங்கள். துணி கட்டாமல் செய்தால் ஏதாவது சின்ன உறுப்பு உள்ளே போய்விடும். கம்பளித் துண்டுகள் அரித்திருந்தால் புதிதாக ஒட்டலாம், பழையதைத் தேதி எழுதி உறையில் வையுங்கள்.

கடைசியாக ஒன்று. தில்லையில் தேவார ஏட்டைப் பூட்டி வைத்த அறையில் கரையான் அரித்த கதையைத் தமிழாசிரியைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வருடா வருடம் சரசுவதி பூஜைக்குக் கட்டுகளைப் பிரித்து, தூசி தட்டி, எண்ணெய் தடவி மறுபடி கட்டுவார்களே, அந்தப் பூஜையில் பெரிய விஷயம் பிரிப்பதுதான் என்பது என் கட்சி. பூச்சி வந்தது அன்றைக்குத் தெரிந்துவிடும். நாம் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, பத்திரமாக இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம்.

வேப்பமரத்தடி:

வேப்பிலையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் வெயிலில் காயவைத்தால் போதாதா? பட்டுப்புடவையை அப்படித்தானே செய்கிறோம்.

ரசாயனக்கூடம்:

நிழலில் விரித்து ஆறவிடுங்கள், நல்லது. நேர் வெயிலில் ஓலை முறுக்கிக்கொண்டு வெடிக்கும். பட்டுப்புடவையும் சாயம் போகும், வீட்டில் சொல்லிவிடுங்கள்.

தமிழாசிரியை (ஓய்வு):

நான்கு மாதம் கழித்து எழுதுகிறேன். மன்னிக்கவும், தேர்வு வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பொறி எட்டு வைத்தேன். முதல் மாதம் சத்துணவுக் கதவருகே இருந்த மூன்றாம் எண்ணில் மட்டும் 41 சிகரெட் வண்டு. மற்ற ஏழிலும் சேர்த்து ஒன்பது. அந்த அட்டையைத் தலைமையாசிரியர் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். லென்ஸை அவரே கேட்டு வாங்கிப் பார்த்தார். மறுநாளே டின்கள் வந்தன. கதவடியில் ரப்பர் பட்டை அடித்தோம். இரண்டாம் மாதம் 14, மூன்றாம் மாதம் 3, இந்த மாதம் பூஜ்யம்.

கம்பளி வண்டு மேற்கு ஜன்னலடிப் பொறியில். மேலே வெளிப்புறம் புறாக்கூடு, உள்ளே காய்ந்துபோன குஞ்சு ஒன்று, அதைச் சுற்றி மயிர்ப்புழு மொய்த்துக்கொண்டிருந்தது. பூச்சிப்பித்தன் தம்பி எப்படிக் கண்டுபிடித்ததோ! முகமூடி, கையுறையோடு எடுத்து, வென்டிலேட்டருக்கு வலை அடித்தோம்.

என் பழைய மாணவன் ஐஸ் கடை வைத்திருக்கிறான். மழைக்காலத்தில் ஒரு பெட்டி காலியாகக் கிடந்தது. புத்தகங்கள் நான்கு தவணையாகப் போய் வந்தன. முதல் தவணையில் ஐந்தாம் நாள் கரண்ட் போய் ஆறு மணி நேரம் வரவில்லை. எண்ணிக்கையை மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தோம். கவரியைப் பெட்டிக்கு அனுப்பவில்லை. மடத்தில் அதற்கு என்னென்ன தூள் போட்டார்களோ தெரியாது, பொட்டல உறையிலேயே வைத்தேன்.

ஓலைக்கு ஆறு உறை. ஐந்தில் வில்லை மறுநாளே சிவந்தது. ஆறாவது நீலமாகவே நின்றது. தடவிப் பார்த்தால் சுவடியின் மேல்சட்டத்து மூலை உறையைக் குத்தியிருக்கிறது. மூலைக்கு அட்டை மடித்து வைத்து, புதுப் பொட்டலம் போட்டு மறுபடி ஒட்டினேன். 28 நாள். நேற்று எல்லாக் கட்டையும் பிரித்து மென்தூரிகையால் துடைத்தோம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேர் உதவிக்கு வந்தார்கள். தலபுராணத்தில் பதினேழு ஓலையில் எழுத்தின்மேலேயே துளை. போனது போனதுதான். படம் எடுத்து வைத்திருக்கிறேன், பாட்டின் யாப்பை வைத்துச் சில எழுத்தைப் பிடித்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

குதிரையில் இதுவரை இரண்டு புதுத் துளை. வயிற்றுப் பலகையில்தான், உளிச்சத்தம் சொன்னபடி. குதிரை அளவுக்கு உறை எங்கே கிடைக்கும்?

செலவு 4,700 ரூபாய், லென்ஸ் உட்பட.

இப்போது அவசரக் கேள்வி. ஆறாம் எண் பொறியில் பல்லி ஒட்டிக்கொண்டிருக்கிறது. உயிரோடு இருக்கிறது. பிள்ளைகள் சுற்றி நின்று என்னையே பார்க்கிறார்கள்.

பூச்சிப்பித்தன்:

தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு, ஒட்டியிருக்கும் இடத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். இழுக்காதீர்கள், பசை தானாக இளகும். கொஞ்சம் நேரம் ஆகும். மூக்கில் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இனிமேல் கூரை வாயை ஒரு செ.மீ.க்குக் குறைவாக மடியுங்கள், பல்லி நுழையாது.

உளிச்சத்தம்:

குதிரைக்கு உறை கிடைக்கும், சுருளாக விற்பதை வாங்கி ஓரத்தை இஸ்திரிப் பெட்டியால் ஒட்டலாம். நீளம், உயரம் அளந்து போடுங்கள், காதையும் சேர்த்து.

தமிழாசிரியை (ஓய்வு):

பல்லி போய்விட்டது. வாலை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. குதிரை மூன்றேகால் அடி நீளம், காதோடு இரண்டேமுக்கால் அடி உயரம்.

ரசாயனக்கூடம்:

அந்த வாலை எடுத்து வெளியே போடுங்கள் அம்மா, கம்பளி வண்டுக்கு விருந்து. கை கழுவாமல் ஓலையைத் தொடாதீர்கள்.